மொபெட் வண்டியும் ஆயிலும்

சங்கத்திலிருந்து நூல் சிப்பத்தையும், கரிசற் காட்டிலிருந்து மிளகாய் மூட்டையையும் சுமந்து வர, ஆலங்குளம் வட்டாரத்து அங்கத்தினர் பலருக்கு மொபெட் வண்டியே துணை. பழையதை மாற்றிப் புதியது வாங்குவோர் ஒன்றை அறிதல் நலம்.

1980இல் ஓசூரிலிருந்து வெளிவந்த டி.வி.எஸ். 50, டூ ஸ்ட்ரோக் எஞ்சின் கொண்டது. பெட்ரோலுடன் கலந்து செல்லும் ஆயிலே அதன் உட்பாகங்களைத் தேயாமற் காக்கும். ஆயிலின்றி ஓட்டினால் பிஸ்டன் சூடேறி இறுகிவிடும். ஒரு தறியின் பல நாட் கூலி பழுதுக்கே போகும். 2015இல் வந்த எக்ஸ்.எல். 100, ஃபோர் ஸ்ட்ரோக் வகையினது. அதில் ஆயில் எஞ்சினின் அடியில் தனியே நிற்கும். பெட்ரோலில் ஆயில் கலப்பின் புகை மிகும். ஸ்பார்க் பிளக்கில் கரி படியும். மாறாக, ஆயிலின் அளவை அடிக்கடி பார்த்து, கையேடு கூறும் காலத்தில் மாற்றுதல் வேண்டும்.

வண்டி எதுவாயினும் சுமைக்கு வரம்புண்டு. பின்புறம் பாரம் மிகுந்தால் முன்சக்கரம் தரையில் அழுந்தாது; திருப்புவது கடினமாகும், பிரேக் பிடித்தும் உடனே நில்லாது. கந்தகம், வெடியுப்பு, பட்டாசு ஆகியவற்றை ஏற்றவே கூடாது. சைலன்சரின் சூடும் உராய்வும் பெருந்தீக்குப் போதுமானவை. ஓட்டுபவரும் பின்னமர்பவரும் தலைக்கவசம் அணிதல் சட்டம் மட்டுமன்று. குடும்பத்திற்கு நாம் செய்யும் காப்புமாகும்.