சையது நயீமுதீன்

சையது நயீமுதீன் (பிறப்பு: 1944, ஐதராபாத்) இந்தியக் கால்பந்து அணியின் முன்னாள் பின்கள வீரர், அணித்தலைவர்; பிற்காலத்தில் அதே அணியின் பயிற்சியாளர். 1970-ஆம் ஆண்டு பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் வெண்கலம் வென்ற இந்திய அணிக்குத் தலைமை தாங்கியவர் இவரே. அந்தப் போட்டியில் தென் கொரியாவும் பர்மாவும் தங்கத்தைப் பகிர்ந்துகொண்டன. மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் இந்தியா 1-0 என்று ஜப்பானை வென்றது. ஆசிய விளையாட்டில் ஆடவர் கால்பந்துக்காக இந்தியா பெற்ற கடைசிப் பதக்கம் இன்றுவரை அதுதான்.

பின்கள ஆட்டக்காரரை ஊர்ப்புறத்தில் 'பேக்' என்பார்கள். தஞ்சை வட்டாரத்தில் அறுவடை முடிந்த வயலில் பந்து உதைக்கும் பிள்ளைகளிடையே யார் முன்னால் ஆடுவது என்பதில்தான் போட்டி. பேக் நிற்க எவரும் எளிதில் இசைவதில்லை. கோல் அடித்தவர் பெயர் நாளிதழில் வரும், தடுத்தவர் பெயர் வராது. ஆனால் பின்னால் நிற்பவருக்கு ஒரு வசதி உண்டு: ஆடுகளம் முழுவதும் அவர் கண்முன் இருக்கிறது. எந்தத் தோழர் இடம் மாறி நிற்கிறார், எதிரணி எந்தப் பக்கம் திரள்கிறது என்பதைக் கவனித்துக் குரல் கொடுப்பது அவர் வேலை. பயிற்சியாளரின் வேலையும் ஏறத்தாழ இதுவே.

நயீமுதீன் வளர்ந்த ஐதராபாத், பயிற்சியாளர் சையது அப்துல் ரகீமின் ஊர். ரகீம் முதலில் பள்ளி ஆசிரியர். 1951, 1962 ஆசிய விளையாட்டுகளில் இந்தியாவுக்குத் தங்கமும், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் நான்காம் இடமும் கிடைத்தது அவர் பயிற்சியில்தான். ஒழுங்கும் உடல்தகுதியும் அந்த மரபின் இரு தூண்கள். அங்கிருந்து கொல்கத்தா சென்ற நயீமுதீன் ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் ஆகிய பெரும் கழகங்களுக்கு ஆடினார். (பிற்காலத்தில் தஞ்சாவூரைச் சேர்ந்த குலோத்துங்கனும் ஈஸ்ட் பெங்காலுக்கு ஆடினார், அவர் நடுக்கள வீரர்.) 1970-க்கான அர்ஜுனா விருது நயீமுதீனுக்குக் கிடைத்தது.

பயிற்சியாளராக அவர் கண்டிப்புக்குப் பெயர்பெற்றவர். ஓட்டம், உணவு, நேரம் எதிலும் தளர்வு கிடையாது. நட்சத்திர வீரர்களுக்கு இது பிடிக்காமல் போவது இயல்பே. ஆயினும் பலன் கிடைத்தது. 1990-இல் அவர் பயிற்சியில் ஈஸ்ட் பெங்கால் ஐ.எஃப்.ஏ. கேடயம், டூரண்ட் கோப்பை, ரோவர்ஸ் கோப்பை மூன்றையும் ஒரே ஆண்டில் வென்றது. அவ்வாண்டுக்கான துரோணாச்சாரியார் விருதும் அவருக்கு வழங்கப்பட்டது. கால்பந்துக்காக அவ்விருதைப் பெற்ற முதல்வர் அவரே.

தேசிய அணியின் பொறுப்பு அவரிடம் ஒன்றுக்கு மேற்பட்ட முறை வந்தது. 1997-இல் காத்மாண்டில் மாலத்தீவை 5-1 என்று வென்று தெற்காசியக் கோப்பையைக் கைப்பற்றிய அணிக்கு அவரே பயிற்சியாளர். 2005 டிசம்பரில் கராச்சியில் வங்கதேசத்தை 2-0 என்று வென்று மீண்டும் அதே கோப்பை. அடுத்த பிப்ரவரியில் ஆசியக் கோப்பைத் தகுதிச்சுற்று தொடங்கியது. யோகோகாமாவில் ஜப்பானிடம் 0-6. ஒரு வாரத்தில் டெல்லியில் ஏமனிடம் 0-3. அவர் பதவி போயிற்று, இங்கிலாந்தின் பாப் ஹாட்டன் வந்தார். ஆனால் மீதி ஆட்டங்களிலும் இந்தியா தோற்று, ஆறில் ஆறும் தோல்வியாகவே முடிந்தது. பழி முழுவதையும் ஒருவர் தலையில் ஏற்றியது நியாயம்தானா என்று கேட்க இந்த ஒரு கணக்கே போதும்.

இவருடன் ஒப்பிடத்தக்கவர் தென் கொரியாவின் ஹாங் மியுங்-போ. அவரும் பின்கள வீரர். 2002 உலகக் கோப்பையில் அரையிறுதி கண்ட கொரிய அணியின் தலைவர். பயிற்சியாளராக 2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஜப்பானை 2-0 என்று வென்று வெண்கலம் பெற்றுத் தந்தார். இரண்டே ஆண்டுகளில், 2014 உலகக் கோப்பையில் ஒரு வெற்றிகூட இல்லாமல் அணி திரும்பியதும் பதவி விலகினார். ஆனால் அங்கே கதவு முழுதாக மூடப்படவில்லை. உல்சான் அணியை 2022, 2023 ஆண்டுகளில் கொரிய லீக் வாகையராக்கிய பின், 2024-இல் எதிர்ப்புக் குரல்களுக்கு நடுவே தேசிய அணி மீண்டும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

நயீமுதீனுக்கு 2006-க்குப் பின் இந்திய அணி மறுபடி கிடைக்கவில்லை. எல்லைக்கு அப்பால் மதிப்பு இருந்தது. டாக்காவின் பிரதர்ஸ் யூனியன் கழகத்துக்குப் பயிற்சியளித்த அவர், 2007-இல் வங்கதேசத் தேசிய அணியின் பயிற்சியாளராகவும் இருந்தார்.