வேண்டாமென்ற டிக்கெட்

ரயில்வே நிலையத்தில் டிக்கெட் கொடுப்பதையே ஜீவனமாகக் கொண்டவன் நான். ஜன்னலுக்குள் நீளும் கையைப் பார்த்தே, இவர் ஊருக்குப் போய்த் திரும்புகிறவர், இவர் பிழைப்புத் தேடி வந்து முடியாமல் ஊரோடு போகிறவர் என்று ஒருவாறு கண்டுகொள்ளலாம். பின்னவருள் பெரும்பாலோர் இளைஞர்கள். அப்படிப்பட்ட ஒரு டிக்கெட், பிறர் செலவிலேயே கிடைக்க இருந்தும், வேண்டாமென்று சொல்லிவிட்ட ஒரு தமிழ்ப் பையனின் வரலாற்றை நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு எடுத்துரைக்க விரும்புகிறேன்.

தூத்துக்குடி மாவட்டத்து நாகலாபுரத்தைச் சேர்ந்தவர் திரு. பிரேம் கணபதி. பெரிய குடும்பம், பத்தாம் வகுப்புக்குமேல் படிக்க வசதியில்லை. சென்னைக்கு வந்து மாதம் சுமார் 250 ரூபாய்க்குச் சிறுசிறு வேலைகள் செய்துகொண்டிருந்தார். 1990-ஆம் ஆண்டில், அவருக்குப் பதினேழு வயது நடக்கையில், தெரிந்தவர் ஒருவர், “பம்பாய்க்கு வா, 1,200 ரூபாய் சம்பளம்” என்று ஆசை காட்டினார். வீட்டாரிடம் சொல்லாமலே பையன் ரயிலேறினார். பாந்திரா நிலையத்தில் இறங்கியதும், அழைத்து வந்தவர் அவரைக் கைவிட்டு மறைந்தார். கையிலிருந்த பணமும் போயிற்று. இந்தியில் ஒரு சொல்லும் தெரியாது.

திகைத்து நின்றவரைத் தமிழர் ஒருவர் இரங்கி, மாரியம்மன் கோயிலுக்கு அழைத்துச் சென்றார். அங்கே கூடியிருந்த நம்மவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுச் சென்னை திரும்ப டிக்கெட் வாங்கித் தர முன்வந்தார்கள். பையனோ, “வந்தது வந்துவிட்டேன், இங்கேயே உழைத்துப் பார்க்கிறேன்” என்ற உறுதியோடு அதை மறுத்துவிட்டார்.

மாஹிமில் ஒரு பேக்கரியில் பாத்திரம் கழுவும் வேலை, மாதம் 150 ரூபாய், படுக்கையும் அங்கேயே. பிறகு வேறு வேறு இடங்களில் ஊழியம். நவி மும்பையின் வாஷிப் பகுதியில் ஒரு தேநீர்க் கடைப் பையனாக இருந்தபோதுதான் அவருடைய உண்மையான திறமை வெளிப்பட்டது. யாருக்குச் சர்க்கரை குறைவு, யாருக்கு எத்தனை மணிக்குத் தேநீர் வேண்டும் என்பதை மனத்தில் பதித்துக்கொண்டு, கேட்குமுன் கொண்டுபோய்க் கொடுப்பார். ஆகவே மற்றப் பையன்களைவிட அவருக்கு விற்பனை மிகுந்தது. இதைப் பார்த்த வாடிக்கைக்காரர் ஒருவர் முதல் போட, இருவரும் கூட்டாகத் தேநீர்க் கடை வைத்தார்கள். லாபம் பெருகியதும் கூட்டாளியின் மனம் மாறிற்று; கணபதி வெளியேற நேர்ந்தது. கடை போயிற்று, கற்ற வித்தை போகவில்லை.

1992-இல் மாதம் 150 ரூபாய் வாடகைக்கு ஒரு தள்ளுவண்டியும், சுமார் 1,000 ரூபாய்க்கு அடுப்பும் பாத்திரங்களும் கொண்டு, வாஷி ரயில் நிலையத்துக்கு எதிரில் இட்லியும் தோசையும் விற்கத் தொடங்கினார். ஊரிலிருந்து சகோதரர்களும் வந்து தோள் கொடுத்தார்கள். வண்டியின் தூய்மையும் பண்டத்தின் சுவையும் கூட்டத்தை இழுத்தன. உரிமம் இல்லாத வண்டியென்று நகராட்சியார் பலமுறை பறிமுதல் செய்தார்கள். அபராதம் கட்டி மீட்பதும், மீண்டும் அடுப்பு மூட்டுவதுமாகச் சில ஆண்டுகள் கழிந்தன. உடன் தங்கியிருந்த படித்த இளைஞர்களிடம் கணிப்பொறியும் கற்றுக்கொண்டார்.

1997-இல் 50,000 ரூபாய் முன்பணமும் மாதம் 5,000 ரூபாய் வாடகையும் கொடுத்து வாஷியில் ஒரு சிறு கடை பிடித்தார். அதுவே ‘தோசா பிளாசா’வின் பிறப்பு. பக்கத்திலேயே சீன உணவுக் கடை ஒன்றையும் வைத்துப் பார்த்தார். மூன்றே மாதத்தில் அது நொடித்தது. ஆனால் அந்த நஷ்டத்தை அவர் வீணாக்கவில்லை. சீனச் சமையலின் காய்கறிகளையும் காரக் குழம்பையும் தோசைக்குள் வைத்தார். செஷ்வான் தோசை, ஸ்பிரிங் ரோல் தோசை என்று வகைகள் பெருகி, 2002-க்குள் நூற்றைக் கடந்தன. 2003-இல் வாஷியின் சென்டர் ஒன் வணிக வளாகத்தில் கடை கிடைத்தது. அதன்பின் பெயரைப் பிறருக்கு உரிமையாகக் கொடுத்து, பல மாநிலங்களிலும் கடல் கடந்தும் கிளைகள் பரவின.

“தோசைக்குள் நூடுல்ஸா!” என்று நம் வீட்டுப் பெரியவர்கள் முகஞ்சுளிக்கலாம். நானும் சுளித்தவனே. ஆயினும், அவர் தோசை விற்றது நமக்கு மட்டுமன்று. குஜராத்தியருக்கும், மராட்டியருக்கும், கல்லூரி மாணவருக்கும். வாங்குகிறவர் நாவை அறிந்து விற்பதே விற்பனைக் கலை. தேநீர்க் கோப்பையோடு அவர் கற்ற பாடமும் அதுவே.

வந்தவர் எல்லோரும் இவ்வாறு உயர்வதில்லை. அதை என் ஜன்னல் தினமும் எனக்குச் சொல்கிறது. ஊர் திரும்புவதும் இழிவன்று. ஆனால் அன்று கோயிலில் பணம் போட முன்வந்தவர்களை எண்ணிப் பாருங்கள். அவர்கள் பெயர் எதிலும் பதியவில்லை. முன்பின் அறியாத நகரத்தில் நமக்கும் ஆளுண்டு என்ற தெம்பை அந்தப் பையன் அவர்களிடம் பெற்றிருப்பான் என்றே நான் நம்புகிறேன். நம் சங்கத்து வாசலிலும் இப்படி ஒரு பையன் வந்து நிற்கக்கூடும். டிக்கெட்டுக்குப் பணம் திரட்டுமுன், “தம்பி, ஊருக்குப் போகிறாயா, வேலை பார்க்கிறாயா?” என்று ஒரு வார்த்தை கேட்போம். வேலை என்று அவன் சொன்னால், அதைத் தேடித் தருவதும் நம் கடமையே.