சக்கரம் காட்டும் இடத்தில்தான் குதிக்கலாம்

ஒற்றைச் சக்கர சைக்கிள் என்றதும் நமக்கு சர்க்கஸ் கோமாளிதான் நினைவுக்கு வருவார். கைகளை விரித்துக்கொண்டு வட்டமடிப்பார், விழப்போவதுபோல் பாசாங்கு செய்வார், கைதட்டல் வாங்கிக்கொண்டு போவார். அதே சைக்கிளில் மலைப்பாதையில் இறங்குகிறவர்களும் இருக்கிறார்கள். கனடாவைச் சேர்ந்த கிரிஸ் ஹோல்ம் 1990களிலிருந்து இந்த முரட்டு விளையாட்டைப் பிரபலமாக்கியவர்களில் ஒருவர். உலகப் போட்டிகளில் சைக்கிளோடு உயரம் தாண்டுவதும் நீளம் தாண்டுவதும் தனித்தனிப் பிரிவுகள். ஒரு மீட்டருக்கும் மேல் உயரமான மேடையில், சக்கரத்தோடு சேர்ந்து தாவி ஏறி நிற்பவர்கள் உண்டு.

நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம். எதிரே 15 செ.மீ. உயரத்தில் ஒரு நடைபாதை விளிம்பு இருக்கிறது. ஓட்டிக்கொண்டே வந்து அதன்மேல் தாவி ஏற வேண்டும். எப்போது குதிப்பது? இந்தச் சின்னக் கேள்விக்குள் இயந்திரவியல், உடலியல், கொஞ்சம் கணக்கு எல்லாம் ஒளிந்திருக்கின்றன.

முதலில் வண்டியைப் பார்ப்போம். சாதாரண சைக்கிளில் மிதிப்பதை நிறுத்தினாலும் வண்டி உருண்டுகொண்டே போகும். பின் சக்கரத்திலுள்ள ஃப்ரீவீல் செய்யும் உபகாரம் அது. வழக்கமான ஒற்றைச் சக்கரத்தில் ஃப்ரீவீலும் இல்லை, செயினும் இல்லை. பெடலைத் தாங்கும் கிராங்க் நேரே ஹப்பில் பூட்டியிருக்கிறது. இதை ‘நேர்ப்பூட்டு’ என்று அழைக்கலாம்: கால் ஒரு சுற்று சுற்றினால் சக்கரமும் சரியாக ஒரு சுற்று, கால் நின்றால் சக்கரமும் நிற்கும். பெரும்பாலான வண்டிகளில் பிரேக்கும் கிடையாது. காலேதான் பிரேக்.

இந்த நேர்ப்பூட்டினால் பெடல்கள் எந்த நிலையில் இருக்கும்போதும் குதித்துவிட முடியாது. கிராங்கின் நீளம் 12.5 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். பெடல்கள் மேலும் கீழுமாக நிற்கும்போது ஒரு பாதத்துக்கும் மற்றதற்கும் 25 செ.மீ. உயர வித்தியாசம். ஒரு கால் மடங்கியிருக்கும், இன்னொன்று நீண்டிருக்கும். அந்த நிலையில் குதிப்பது ஏறக்குறைய ஒற்றைக்காலில் குதிப்பதுதான். பெடல்கள் தரைக்கு இணையாக வரும்போது எல்லாம் மாறுகிறது. இரண்டு பாதங்களும் ஒரே உயரத்துக்கு வருகின்றன, இரண்டு முழங்கால்களும் ஒரே அளவில் மடங்குகின்றன. முன்காலின் எடை சக்கரத்தை முன்னே சுழற்றப் பார்க்கிறது, பின்காலின் எடை பின்னே. இரண்டும் சமமானால் சக்கரம் அசையாது. ஆக, ஒவ்வொரு சுற்றிலும் இரண்டே கணங்கள்தான் குதிக்கத் தோதானவை. இடக்கால் முன்னே இருந்தால்தான் வசதி என்றோ வலக்கால்தான் என்றோ ஒவ்வொருவருக்கும் ஒரு பழக்கம் இருக்கும். அதையும் பார்த்தால் சுற்றுக்கு ஒரே ஒரு கணம்.

இன்னொரு சிக்கல். பெடல்மேல் பாதம் சும்மா பதிந்திருக்கிறது, கட்டியிருக்கவில்லை. காலால் பெடலை அழுத்த முடியும், இழுக்க முடியாது. ஆள் துள்ளினால் ஆள் மட்டும் மேலே போவார், ஐந்தாறு கிலோ சைக்கிள் கீழேயே நிற்கும். அதனால்தான் இருக்கையின் முன்புறம் ஒரு கைப்பிடி. கால்கள் உடலை எழுப்பும் அதே கணத்தில் கை சைக்கிளை மேலே இழுக்க வேண்டும். கை முந்தினால் பெடல் பாதத்தில் இடிக்கும். பிந்தினால் பாதம் பெடலை விட்டு விலகும்.

நின்ற இடத்திலேயே துள்ளப் பழகுவதுதான் முதல் பாடம். துள்ளுவதைவிட அசையாமல் நிற்பது சுலபம் என்று நினைப்போம். நேர்மாறு. ஒற்றைச் சக்கரத்தில் நிற்பது உள்ளங்கையில் விளக்குமாற்றை நிறுத்துவது மாதிரி. குச்சி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் கை ஓட வேண்டும். அசையாமல் நிற்பவருக்குச் சக்கரத்தை நகர்த்த வழியில்லை. துள்ளுபவருக்கோ ஒவ்வொரு துள்ளலிலும் சக்கரத்தை வேறிடத்தில் வைக்க ஒரு வாய்ப்பு கிடைக்கிறது. இடப்பக்கம் சாய்ந்தால் அடுத்த துள்ளலில் சக்கரத்தை இரண்டு விரற்கடை இடப்பக்கம் இறக்கினால் போதும்.

இதில் உடலுக்கென்று ஒரு தாளம் உண்டு. மெல்வில் ஜோன்ஸ், வாட் என்ற இரு உடலியல் ஆய்வாளர்கள் மனிதர்கள் தரையில் துள்ளுவதை ஆராய்ந்து 1971இல் வெளியிட்டார்கள். நொடிக்கு ஏறத்தாழ இரண்டு தடவை துள்ளுவதுதான் மனிதருக்கு இயல்பாக வருகிறது என்று அதில் தெரிந்தது. அதைவிட வியப்பான ஒன்றும் தெரிந்தது. பாதம் தரையைத் தொடுவதற்கு முன்பே கால் தசைகள் இறுகத் தொடங்கிவிடுகின்றன. தரை பட்ட செய்தி போய், அதற்கான பதில் திரும்பி வரும்வரை காத்திருந்தால் கால் ஏற்கெனவே மடங்கிவிட்டிருக்கும். நரம்பு மண்டலம் தரையை முன்கூட்டியே ஊகித்துச் செயல்படுகிறது.

இப்போது ஓட்டிக்கொண்டே குதிப்பதற்கு வருவோம். 20 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 1.6 மீட்டர். அதாவது 1.6 மீட்டருக்கு ஒரு முறை பெடல்கள் நமக்குத் தோதான நிலைக்கு வரும். விளிம்பை நெருங்கும்போது பெடல் சரியாக அமையாது போலத் தெரிந்தால் என்ன செய்வோம்? கொஞ்சம் வேகத்தைக் கூட்டலாம், அல்லது குறைக்கலாம் என்றுதான் தோன்றும். புதிதாகப் பழகுகிறவர்கள் எல்லோரும் இதைத்தான் செய்கிறார்கள்.

அதனால் இம்மியளவும் பயனில்லை. சக்கரமும் பெடலும் பூட்டப்பட்டவை. சக்கரமும் தரையும் உராய்வால் பூட்டப்பட்டவை. எனவே பெடல் எந்த இடத்தில் தரைக்கு இணையாகும் என்பது கிளம்பும்போதே முடிவாகிவிட்டது. ஆமையாகப் போனாலும் முயலாகப் போனாலும் அதே இடங்கள்தான். நேரம் பார்த்துக் குதிக்கிறோம் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது உண்மையில் தூரக் கணக்கு. இந்த விளையாட்டில் எனக்கு ஆகப் பிடித்த விஷயம் இதுதான்.

நீளம் தாண்டும் வீரருக்கு இந்தச் சங்கடம் இல்லை. டேவிட் லீ என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் 1982இல் வெளியிட்ட ஆய்வில், வீரர்கள் தாண்டும் பலகையை நோக்கி ஓடி வரும் விதத்தைக் கவனித்தார்கள். தொடக்க எட்டுகள் ஒரே சீராக விழுகின்றன. கடைசிச் சில எட்டுகளில் கண் பலகையை அளந்து, எட்டைக் கூட்டியும் குறைத்தும் கணக்கை நேர் செய்துவிடுகிறது. ஒற்றைச் சக்கரக்காரரின் எட்டோ இரும்பில் வார்த்தது. 1.6 மீட்டரை 1.5 ஆக்க அவரால் முடியாது.

அப்படியானால் தப்ப வழி? வளைந்து போவதுதான். நேர்கோட்டில் 4 மீட்டர் போவதற்குப் பதில், வலப்பக்கம் ஒரு சாண், இடப்பக்கம் ஒரு சாண் என ஒரு முறை நெளிந்து போனால் பாதை சுமார் 10 செ.மீ. நீளும். அந்த 10 செ.மீட்டரில் பெடல் 20 டிகிரிக்கும் மேல் திரும்பிவிடும். தேர்ந்தவர்கள் விளிம்பை நோக்கிச் சற்றே நெளிந்து வருவது தடுமாற்றம் போலத் தெரியும். சில சமயம் அது கணக்குத் தீர்ப்பு.

எந்த அளவுக்குத் துல்லியம் தேவை? மணிக்கு 10 கி.மீ. வேகம், 20 செ.மீ. உயரத் துள்ளல் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள். சக்கரம் தரையைத் தொடும் புள்ளி விளிம்பிலிருந்து சுமார் 35 செ.மீ. முதல் 80 செ.மீ. தொலைவுக்குள் இருக்கும்போது கிளம்ப வேண்டும். அதற்கும் கிட்டே போனால் டயர் மோதும். எட்ட இருந்தால் விளிம்புக்கு இப்பாலேயே இறங்கிவிடும். நல்வாய்ப்புப் பட்டை வெறும் 45 செ.மீ.; தோதான பெடல் நிலையோ 160 செ.மீட்டருக்கு ஒரு முறை. கண்ணை மூடிக்கொண்டு வந்தால் நான்கில் ஒரு தடவை பொருந்தலாம். பெடல் கோணத்தில் முன்பின் 20 டிகிரி சலுகை கொடுத்தாலும் ஐந்தில் இரண்டு தடவைதான். அந்தச் சலுகைக் கோணத்தைச் சக்கரம் கடக்க எடுக்கும் நேரம் 0.06 நொடி, கண் இமைக்கும் நேரத்தைவிடக் குறைவு.

இவ்வளவு குறுகிய நேரத்தில் பார்த்து முடிவெடுக்க மூளையால் முடியாது. கண்ணில் பட்டதற்குக் கை கால் அசையவே ஏறக்குறைய 0.2 நொடி ஆகும். ஆகவே முடிவு முந்தைய சுற்றிலேயே எடுக்கப்படுகிறது. குதிப்பதற்குச் சற்று முன் உடல் தானாகத் தாழும். இதற்கு ‘எதிரசைவு’ என்று பெயர் வைக்கலாம். தாழும்போது தசைகளும் குதிகால் நாணும் இழுபட்டு, எழும்பும்போது அந்த ஆற்றலைத் திருப்பித் தருகின்றன. அகன்ற, காற்றுக் குறைவான டயரும் கூடவே நசுங்கி எழும்பும். பெடல்கள் இணையாகும் கணத்தில் தசை, நாண், டயர் மூன்றும் ஒன்றாக விரிந்தால் துள்ளல் வாய்க்கிறது.

மேலே போனபின் இன்னொரு வேடிக்கை. 20 செ.மீ. துள்ளினால் அதே மட்டத்துக்குத் திரும்ப 0.4 நொடி ஆகும். அதற்குள் கால்கள் அசையாமல் இருப்பதால் சக்கரமும் சுழலாமல் இருக்கும். இறங்கும் இடத்திலோ தரை நொடிக்குக் கிட்டத்தட்ட 3 மீட்டர் வேகத்தில் பின்னோக்கி ஓடுகிறது. பட்டதும் சக்கரத்தைச் சுண்டிச் சுழற்றப் பார்க்கும். கால் விறைத்திருந்தால் ஆள் முன்னே கவிழ்வார். பின்காலைத் தளர்த்தி, பெடல் மேலே எழ வழிவிட்டு, உடனே முன்காலால் மிதித்தால் பயணம் தொடரும்.

பழகுவதற்கு ஓர் எளிய உத்தி உண்டு. குதிக்க வேண்டிய இடத்தில் பெடல்களை இணையாக வைத்து, சைக்கிளைப் பின்னோக்கி மூன்று முழுச் சுற்று உருட்டிச் சென்று அங்கே சுண்ணக்கட்டியால் கோடு போடுங்கள். அங்கிருந்து அதே பெடல் நிலையில் கிளம்பி நேராகப் போனால் குதிக்கும் இடம் தானாக வரும். ஆனால் யாரும் முழுக்க நேராகப் போவதில்லை. ஒவ்வொரு மிதிக்கும் சக்கரம் கொஞ்சம் இடவலமாக நெளியும். அதனால் கோட்டை உங்கள் ஓட்டத்துக்கேற்பச் சில செ.மீ. முன்னே தள்ளிப் போட வேண்டியிருக்கும். விளிம்பில் பழகாதீர்கள், தரையில் கிடத்திய கயிற்றைத் தாண்டிப் பழகுங்கள். பெடல்களில் வழுக்காமலிருக்கக் கூரிய ஆணிகள் இருக்கும். தவறினால் முதலில் அடிபடுவது முழங்காலுக்குக் கீழுள்ள முன்னெலும்பு. சைக்கிள் வாங்கும் அன்றே ஹெல்மெட்டோடு ஒரு ஜோடி ஷின் பேடும் வாங்கிவிடுங்கள்.