பந்தயத் தடத்தில் முதற்பாடம்

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், ஸ்ரீபெரும்புதூரை எட்டுவதற்குச் சற்று முன்னதாக வரும் இருங்காட்டுக்கோட்டையில், 1953-ஆம் ஆண்டு தோன்றிய மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1990-இல் திறந்துவைத்த பந்தயத் தடம், 3.717 கிலோமீட்டர் நீளமும் 12 வளைவுகளும் உடையது. அதற்கு முன்பெல்லாம் சோழவரத்தில், யுத்த காலத்து விமான ஓடுபாதையில் நடந்துவந்த பந்தயங்களுக்கு நிரந்தர இடமாக அமைந்த அத்தடத்தில், பந்தய வீரர்களே அன்றிச் சாமானியரும் பயிற்சி நாட்களில் தக்க ஆசிரியரின் துணையோடு ஓட்டிப் பழக வழியிருக்கிறது. அங்ஙனம் முதன்முறையாகச் செல்பவர் கற்கவேண்டிய விஷயங்கள் பலவாயினும், அவை யாவற்றுக்கும் ஆதாரமான உண்மை ஒன்றே.

எத்தனை குதிரைசக்தி உள்ள காராயினும், அதைத் தரையோடு பிணைப்பவை நான்கு டயர்கள் மட்டுமே. ஒவ்வொரு டயரும் தரையைத் தொடும் பரப்போ ஏறக்குறைய உள்ளங்கை அளவுதான். பிரேக் போடுதல், திருப்புதல், வேகம் கூட்டுதல் ஆகிய மூன்று காரியங்களுக்கும் அச்சிறு பரப்பின் பிடிப்பே மூலதனமாகையால், சம்பளம் முழுவதையும் வாடகைக்கே கொடுத்துவிட்ட குடும்பத்தில் மளிகைக்குப் பணம் இராததுபோல, பிரேக்குக்கே முழுப் பிடிப்பையும் செலவிட்ட டயரிடம் வண்டியைத் திருப்பச் சக்தி மிஞ்சியிராது.

ஆகவே, வளைவை அணுகுமுன்னரே, ஸ்டியரிங் நேராக இருக்கும்போதே, வேகத்தைக் குறைத்துவிட வேண்டும் என்பது முதற்பாடம். வேகம் இருமடங்கானால் இயக்க சக்தி நான்கு மடங்காவதால், 120 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் நிற்பதற்கு, 60-இல் வரும் கார் பிரேக் போட்டு நிற்கும் தூரத்தைப்போல் நான்கு மடங்கு தூரம் தேவை. இதை உணராமல் வளைவுக்குள் புகுந்துவிட்ட புதியவர், அச்சத்தால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென எடுப்பது இயல்பு. எடுத்த மாத்திரத்தில் காரின் பாரம் முன்சக்கரங்கள்மேல் சாய, இலேசாகிவிட்ட பின்சக்கரங்கள் பிடிநழுவி, வண்டியே சுழன்றுவிடக்கூடும்.

அடுத்தது பாதையைத் தேர்ந்துகொள்ளும் பாடம். தடத்தின் வெளியோரத்திலிருந்து திரும்பி, பந்தயக்காரர் ‘ஏபெக்ஸ்’ என வழங்கும் புள்ளியில் உள்ளோரத்தைத் தொட்டு, மீண்டும் வெளியோரம் நோக்கி விரிந்து செல்லும்போது, வளைவின் ஆரம் பெரிதாகி, அதே பிடிப்பில் அதிக வேகம் சாத்தியமாகிறது. அப்புள்ளியைப் புதியவர் சற்றுத் தாமதித்தே தொடவேண்டும் என்று ஆசிரியர் வற்புறுத்துவது, வெளியேறும் வழி கண்ணுக்கு நன்கு புலப்படும் என்பதாலும், கணக்குப் பிசகினாலும் சமாளிக்க இடம் மிஞ்சும் என்பதாலுமே.

கண் எப்போதும் அடுத்துச் சேரவேண்டிய இடத்தில் பதிந்திருக்க வேண்டும்; அதே கண் தடத்தோரம் நிற்கும் மார்ஷல்களின் கொடிகளையும் தவறவிடலாகாது. மஞ்சள் கொடி முன்னே அபாயம், முந்தாதே என்றும், நீலம் பின்னால் வேகமான வண்டி வருகிறது என்றும், சிவப்பு ஓட்டம் நிறுத்தப்பட்டது என்றும், கறுப்பு, வண்டிகள் ஒதுங்கிநிற்கும் இடமான ‘பிட்’டுக்குத் திரும்பு என்றும் அறிவிக்கின்றன.

உஷ்ணத்தைப் பற்றியும் ஜாக்கிரதை அவசியம். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. நாட்பட்டுப்போனால் அதன் கொதிநிலை தாழ்ந்து, இடைவிடாத பிரேக்கின் சூட்டில் கொதித்து ஆவிக்குமிழிகள் தோன்ற, பெடல் எதிர்ப்பின்றி உள்ளே அமிழ்ந்துவிடும். ஆதலால் புதிய ஆயிலோடு புறப்படுவதும், கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி வண்டியைக் குளிரச் செய்வதும், நிறுத்தியபின் கைப்பிரேக்கை இழுக்காமல் கியரில் விடுவதும் நல்ல பழக்கங்கள்.

2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியரான கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன், ராலி வீரரின் புதல்வராகப் பிறந்தும், இளமையில் பிரான்ஸ் நாட்டுப் பந்தயப் பள்ளியொன்றில் சேர்ந்து முறையாகப் பயின்றவர். பிறப்போடு வந்த ஆர்வத்துக்கே சிட்சை தேவைப்பட்டதென்றால், நள்ளிரவில் பொதுச் சாலைகளில் பந்தயம் விட்டுத் தம் உயிரையும் வழிப்போக்கர் உயிரையும் பணயம் வைக்கும் இளைஞர்களுக்கு அது எத்தனை மடங்கு தேவை என்பதைச் சொல்லவேண்டியதில்லை. எதிரே வண்டி வராத பாதையும், காவலுக்கு மார்ஷல்களும், விபத்துக்கு ஆம்புலன்ஸும் உள்ள தடத்துக்கு அவர்களைக் கண்டிப்பால் மட்டுமன்றி, கட்டணத்தை எளியோருக்கு எட்டச் செய்வதாலும் அழைத்துவருவது, இக்கலையை நேசிப்போர் அனைவரின் கடமையாகும்.