வாலன்டியரா, ஹானரரியா, ஹானரேரியமா? ரெஸ்யூமேல எழுதுறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்

வேலை மாறும்போதோ, வெளிநாட்டுல எம்பிஏ படிக்க அப்ளை பண்ணும்போதோ, நாம செஞ்ச தொண்டு வேலையை ரெஸ்யூமேல ஒரு வரி சேர்ப்போம். நல்ல விஷயம், தாராளமா சேருங்க. ஆனா அந்த வரியில நீங்க போடுற இங்கிலீஷ் வார்த்தை, "இந்த வேலைக்கு இவருக்குக் காசு வந்துச்சா?"ங்கிற கேள்விக்கும் சேர்த்தே பதில் சொல்லிடும். எச்ஆர் தேடுறதும் அந்தப் பதிலைத்தான், வருமான வரித் துறை தேடுறதும் அதைத்தான்.

ஒரு உதாரணம் பார்ப்போம். கார்த்திக்னு ஒருத்தர்னு வெச்சுக்குங்க. சோழிங்கநல்லூர்ல ஐடி வேலை. 2 வருஷமா சனிக்கிழமை ஆனா பெரும்பாக்கத்துல ஒரு டிரஸ்ட் நடத்துற மையத்துக்குப் போய், பத்தாவது படிக்கிற பசங்களுக்குக் கணக்கு சொல்லித் தர்றார். ரெஸ்யூமேல "பார்ட் டைம் மேத்ஸ் டீச்சர்"னு எழுதிட்டார். டிரஸ்ட் குடுத்த லெட்டர்ல "ஹேஸ் ரெண்டர்ட் ஹிஸ் சர்வீசஸ் டு அவர் ஆர்கனைசேஷன்"னு இருக்கு. புது கம்பெனியோட பின்னணி சரிபார்ப்புல முதல் கேள்வியே, "அங்க வேலையில இருந்தப்பவே இன்னொரு வேலையும் பார்த்தீங்களா?" 2022-ல போட்டி நிறுவனங்களுக்கு வேலை பார்த்ததா சொல்லி விப்ரோ 300 பேரை நீக்கினது ஞாபகம் இருக்கும். அதுக்கப்புறம் மூன்லைட்டிங்னாலே எச்ஆர் உஷாராயிடுவாங்க.

கார்த்திக் தப்பு எதுவும் செய்யல. வார்த்தைதான் மாட்டிவிட்டுச்சு. "பார்ட் டைம்"னா சம்பளத்துக்குச் செய்யுற பகுதி நேர வேலைன்னுதான் படிக்கிறவங்க எடுத்துப்பாங்க. "சர்வீசஸ் ரெண்டர்ட்" இன்னும் மோசம். நாங்க ஆடிட்ல தினமும் பார்க்கிற வார்த்தை அது. ஃபீஸ் கேட்டு அனுப்புற பில்லுல இருக்கும். நமக்கு இந்தக் குழப்பம் வர்றதுக்குக் காரணமும் உண்டு. சேவைன்னா சர்வீஸ்னு மனசுல பதிஞ்சிருக்கு. ஆனா நம்ம ஊர்லயே "உங்களுக்கு எத்தனை வருஷம் சர்வீஸ்?"னு கேட்டா அது உத்தியோகத்தைத்தான் குறிக்கும் (பைக்கை விடுற சர்வீஸ் தனிக் கதை). அதனால "வாலன்டியர்ட்"னு வினைச்சொல்லாவோ, "வாலன்டியர் டியூட்டர்"னு பதவியாவோ எழுதுங்க. அந்த வார்த்தை கண்ணுல பட்டாலே பாதிச் சந்தேகம் போயிடும்.

அடுத்து, எல்லாரும் வழுக்கி விழுற இடம்: ஹானரரி, ஹானரேரியம். ரெண்டும் ஒரே வேர்ச்சொல்லுல இருந்து வந்தாலும், பணக் கணக்குல நேர் எதிர். அபார்ட்மென்ட் அசோசியேஷன்ல காசு வாங்காம கணக்கு பார்க்கிறீங்களா? நீங்க "ஹானரரி ட்ரெஷரர்". அதே அசோசியேஷன் வருஷக் கடைசியில 10,000 ரூபாய் குடுத்து கௌரவிச்சா, அந்தத் தொகைக்குப் பேர் "ஹானரேரியம்". அது வருமானம், வரி உண்டு.

கார்த்திக்குக்கும் இது பொருந்தும். பஸ், ஜெராக்ஸ் செலவுக்குன்னு டிரஸ்ட் மாசம் 1,500 ரூபாய் குடுக்குதுன்னு வெச்சுக்குவோம். அவர் பில்லைக் காட்டி, செலவான அளவு மட்டும் வாங்கினா அது ரீஇம்பர்ஸ்மென்ட், வருமானம் ஆகாது. பில் எதுவும் இல்லாம மாசா மாசம் மொத்தமா வந்து, டிரஸ்ட் புக்ஸ்ல ஹானரேரியம்னு ஏறினா வருஷத்துக்கு 18,000 ரூபாய் வருமானம். 20 சதவீத ஸ்லாப்ல இருக்கிறவருக்கு செஸ்ஸோட 3,744 ரூபாய் வரி. தொகை பெருசாகி டிரஸ்ட் டிடிஎஸ் பிடிச்சா, உங்க 26ஏஎஸ்ல டிரஸ்ட் பேரோட வந்து உட்கார்ந்துக்கும். சரிபார்ப்புக்கு 26ஏஎஸ் கேக்குற கம்பெனிகளும் இருக்கு. ரெஸ்யூமேல "அன்பெய்ட்", 26ஏஎஸ்ல வரவு. எப்படி விளக்குவீங்க?

நிஜமாவே செலவுக்குத்தான் வாங்குறீங்கன்னா, இந்த மாசத்துல இருந்தே பில் குடுத்து வாங்குற முறைக்கு மாறிடுங்க. பழசை மாத்துறதுக்காக முன்தேதி போட்டு லெட்டர் மட்டும் வாங்காதீங்க. வாங்கின ஹானரேரியத்தை ஐடிஆர்ல காட்டுங்க, எச்ஆர் கேட்டா நேரா சொல்லுங்க. உங்க அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்ல வெளி வேலைக்கு முன் அனுமதி வேணும்னு ஒரு பாரா இருந்தா, ஒரு மெயில் போட்டு வெச்சுடுங்க.

"ப்ரோ போனோ"ங்கிற வார்த்தை இப்ப லிங்க்ட்இன்ல ரொம்ப ஃபேஷன். பொது நன்மைக்காகங்கிற லத்தீன் தொடர்ல இருந்து வந்தது. பிழைப்புக்குச் செய்யுற அதே தொழிலை இலவசமா செஞ்சா மட்டும்தான் அது பொருந்தும். டெவலப்பர் டிரஸ்ட்டுக்கு வெப்சைட் பண்ணிக் குடுத்தா ப்ரோ போனோ. அதே டெவலப்பர் வெள்ளத்துல சாப்பாட்டுப் பொட்டலம் குடுத்தா வாலன்டியர். லாபத்துக்கு நடக்கிற ஸ்டார்ட்அப்ல சம்பளம் இல்லாம வேலை கத்துக்கிட்டதை "அன்பெய்ட் இன்டர்ன்"னு எழுதுங்க, வாலன்டியர்னு வேண்டாம். "சோஷியல் வொர்க்கர்"னும் போட்டுக்காதீங்க. எம்எஸ்டபிள்யூ படிச்சுட்டு வர்றவங்களோட தொழில் அது.

"டொனேட்டட் 240 அவர்ஸ்"னு எழுதுறவங்க ஒண்ணு கவனிக்கணும். என் நேரத்துக்கு மணிக் கணக்குல மதிப்பு போட்டு 80ஜி-ல கழிக்கலாமான்னு நிறைய பேர் கேக்குறாங்க. முடியாது. நேரம், அரிசி, பழைய லேப்டாப் எதுக்கும் கிடையாது. பணமா குடுக்கணும், ரொக்கம்னா 2,000 ரூபாய்க்கு மேல கூடாது. புதிய வரி முறையில இருந்தா அதுவும் இல்லை.

ஆனா மணி நேரத்தை எழுதுறது நல்ல பழக்கம். என்எஸ்எஸ்ல வருஷத்துக்கு 120 மணி, 2 வருஷத்துல 240 மணின்னு கணக்கு வெப்பாங்க இல்லையா, அது மாதிரி. வருஷத்துக்கு 40 சனிக்கிழமை, 3 மணி நேரம்னா கார்த்திக்குக்கும் அதே 240 வந்துடுது. பில் குடுத்து செலவை வாங்கினவரா இருந்தா, டிரஸ்ட்டுகிட்ட அவர் கேக்க வேண்டிய வரி இதுதான்: "வாலன்டியர்ட் அஸ் எ வீக்கெண்ட் மேத்ஸ் டியூட்டர் ஃபார் 240 அவர்ஸ், வித்தவுட் ரெம்யூனரேஷன்; ஆக்சுவல் எக்ஸ்பென்சஸ் ரீஇம்பர்ஸ்ட் அகெய்ன்ஸ்ட் பில்ஸ்." டைப் பண்ணும்போது ரெம்யூனரேஷன்ல 'எம்' முன்னாடி, 'என்' பின்னாடி. ஆடிட் ரிப்போர்ட்லயே மாத்திப் போட்டு அனுப்புறாங்க.