கண்ணெரிச்சலை அளக்கும் முறைகள்
தொழிற்சாலை வேதிப்பொருள் ஒன்று கண்ணில் தெறித்தால் விளைவது ஆறிவிடும் எரிச்சலா, மீளாத பார்வைக் கேடா என்பதை அறிய, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் ஜான் டிரெய்ஸ் தம் சக ஆய்வாளர்களுடன் 1944-இல் வெளியிட்ட முயல் சோதனையே நெடுங்காலம் உலகெங்கும் பின்பற்றப்பட்டது. முயலின் ஒரு கண்ணில் 0.1 மில்லிலிட்டர் திரவத்தை இட்டு, மறு கண்ணை ஒப்பீட்டுக்கு விட்டுவைத்து, தேவையானால் 21 நாள்வரை கவனித்து மதிப்பெண் இடுவர். மொத்தமுள்ள 110 மதிப்பெண்ணில் 80, கண்ணின் முன்புறத்தில் ஒளி ஊடுருவும்படி அமைந்த கருவிழிப்படலத்துக்கே உரியது. முயலுக்கு நேரும் துன்பம் ஒருபுறமிருக்க, ஆய்வாளரின் பார்வைக் கணிப்பையே நம்பிய இம்முறையில் ஒரே பொருளுக்கு ஆய்வகந்தோறும் மதிப்பெண் மாறியது அறிவியல் நோக்கிலும் பெருங்குறையே.

பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பு 2009-இல் ஏற்ற மாற்றுமுறையில், உணவுக்காக வெட்டப்பட்ட மாடுகளின் கண்ணிலிருந்து எடுத்த கருவிழிப்படலத்தின்மேல் திரவத்தைப் பத்து நிமிடம் வைத்துக் கழுவியபின், படலம் எவ்வளவு மங்கியது என்பதை அதன் வழியே செல்லும் ஒளியைக் கொண்டும், எவ்வளவு சிதைந்தது என்பதை அதனூடே கசியும் ஃபுளோரசீன் என்னும் சாயத்தைக் கொண்டும் கருவியால் அளக்கின்றனர். இவ்விரண்டையும் சேர்த்த குறியெண் 55-ஐத் தாண்டினால் அப்பொருள் கண்ணுக்குக் கடுங்கேடு விளைவிப்பது எனவும், 3-ஐத் தாண்டாவிட்டால் எச்சரிக்கை வகைப்பாடே தேவையற்றது எனவும் கொள்ளப்படும். இடைப்பட்ட பொருள்களை இச்சோதனை மட்டும் தீர்மானிக்க இயலாது. புண் ஆறும் போக்கையும், வெட்டியெடுத்த படலம் காட்டாது.