பழைய வண்டியும் மெய்யுரையும்

பழமையைப் போற்றுதல் எல்லா நாட்டார்க்கும் உரிய இயல்பேயாம். ஆயின் போற்றப்படும் பொருள் நாட்டுக்கு நாடு வேறுபடும். அமெரிக்க ஐக்கிய நாட்டில் அவ்வாறு போற்றப்படுவனவற்றுள் ஒன்று, மேற்கூரையை மடித்துப் பின்னே தள்ளிவிடத்தக்க பழைய மோட்டார் வண்டி. இதனைக் கன்வர்ட்டிபில் என்பர். துருவேறிக் கொட்டிலிற் கிடந்த இத்தகைய வண்டியொன்றை எடுத்து, உறுப்புறுப்பாகக் கழற்றிப் பழுது நீக்கி, வண்ணம் பூசி, மீண்டும் ஓடச் செய்து விற்பது அங்கே பலர்க்குப் பொழுதுபோக்காகவும் சிலர்க்குத் தொழிலாகவும் உள்ளது. இவ்விற்பனை நடைபெறும் முறை யாது, அதில் உண்மையாக விலைபோவது யாது என்பவற்றை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வோம். தமிழ் பயிலும் மாணவர்க்கு மோட்டாரில் என்ன வேலை என்று நண்பர்கள் நகையாடாதிருப்பாராக. இவ்விஷயம் இயந்திரத்தைவிட மனிதரின் சொல்லையே மிகுதியும் பற்றியது என்பது போகப்போக விளங்கும்.

பழையதாயிருத்தல் மாத்திரமே ஒரு வண்டியின் விலையை உயர்த்திவிடாது. இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. குளிர்காற்றுச் சாதனமும் நெடுஞ்சாலை வேகமும் பெருகிய காலத்தில் திறந்த வண்டியை விரும்புவோர் தொகை குறைந்தது. வண்டி கவிழ்ந்தால் உள்ளிருப்போரைக் காக்கும் வலிமை கூரைக்கு இருத்தல் வேண்டுமென்று அரசாங்கத்தார் விதி செய்துவிடுவரோ என்னும் அச்சமும் எழுந்தது. ஆகவே கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்த வண்டிகளைக் கைவிட்டன. 1976-ஆம் ஆண்டில் காடிலாக் கம்பெனியார் தம் எல்டொராடோவே அமெரிக்காவின் கடைசிக் கன்வர்ட்டிபில் என்று விளம்பரஞ் செய்து, அவ்வாண்டில் 14,000 வண்டிகள் விற்றனர். பின்னாளில் பெரும்பொருள் கிடைக்கும் என நம்பிய பலர், குறித்த விலைக்கு மேலும் கொடுத்து வாங்கி, ஓட்டாமலே பூட்டி வைத்தனர். ஆனால் 1982-இல் கிறைஸ்லர் கம்பெனியார் மீண்டும் திறந்த வண்டிகளை விற்கத் தொடங்கினர். 1984-ஆம் ஆண்டு வரிசையிற் காடிலாக் கம்பெனியாரும் எல்டொராடோ கன்வர்ட்டிபிலை மறுபடியும் வெளியிட்டனர். வாங்கினோருட் சிலர் தாம் ஏமாற்றப்பட்டதாக வழக்கும் தொடுத்தனர். அருமை என்பது பிறர் வாய்ச்சொல்லால் உண்டாவதன்று என்பதை இந்நிகழ்ச்சி நன்கு காட்டுகின்றது.

அங்ஙனமாயின் விலையை உயர்த்துவன எவை? அவ்வண்டியின்பால் ஜனங்கட்கு உள்ள அன்பு ஒன்று. அத்தகையன எஞ்சியுள்ள தொகை ஒன்று. அது தன்னைப்பற்றிச் சொல்லும் வரலாறு மெய்யென நாட்டும் சான்று ஒன்று. இம்மூன்றனுள் முன்னைய இரண்டும் விற்பவன் கையில் இல்லை. மூன்றாவது ஒன்றே அவன் கையில் உள்ளது.

இதனை விளக்க மஸ்டாங் என்னும் வண்டியை எடுத்துக்கொள்வோம். காட்டுக்குதிரையின் பெயர் பூண்ட இவ்வண்டியை ஃபோர்டு கம்பெனியார் 1964-ஆம் ஆண்டு ஏப்ரல் 17-ஆம் நாள் நியூயார்க்கு உலகப் பொருட்காட்சியில் வெளியிட்டனர். கூரை நிலையாய் அமைந்த எளிய வகையின் விலை 2,368 டாலர். 1965-ஆம் ஆண்டு வரிசையில் கன்வர்ட்டிபில் வகை மட்டும் ஒரு லட்சத்திற்கு மேற் செய்யப்பட்டது. அவற்றுள் இன்று எஞ்சியுள்ளவற்றைப் புதுப்பித்து விற்போர் பலர்.

இவ்வண்டி ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு. பானெட்டைத் தூக்கினால் இடப்புற மட்கார்டின் உட்புறத் தகட்டில் அதனைக் காணலாம். முதல் எண்ணைப் பெற்ற வண்டியின் குறி '5-எஃப்-08-எஃப்-100001' என்பது. இதிலுள்ள 5 என்பது 1965-ஆம் ஆண்டு வரிசையைக் குறிக்கும். அடுத்துள்ள 'எஃப்' டியர்பார்ன் நகரத் தொழிற்சாலையைச் சுட்டும். 08 என்பது கன்வர்ட்டிபில் உடலைக் குறிப்பது. நிலைக்கூரை வண்டியாயின் அவ்விடத்தில் 07 என்றிருக்கும். பின்னர் வரும் 'எஃப்' 260 கன அங்குல இஞ்சினைக் குறிக்கும். இறுதியில் நிற்பது வரிசை எண். இங்ஙனம், ஒரு மனிதனுக்கு ஊரும் குடியும் பெயரும் போல, வண்டியின் பிறப்பு முழுவதும் ஒரு சிறு குறியில் அடங்கியுள்ளது.

அவ்வெண்ணின் மதிப்பை அறிந்துகொள்ள அம்முதல் வண்டியின் கதையே போதும். அது காட்சிக்கெனக் கானடா நாட்டைச் சேர்ந்த நியூபவுண்ட்லாந்திலுள்ள ஒரு விற்பனைச் சாலைக்கு அனுப்பப்பட்டது. அங்கிருந்தோர் அதன் அருமை அறியாது ஒரு விமான ஓட்டிக்கு விற்றுவிட்டனர். பின்னர் அதனைத் திரும்பப் பெற விரும்பிய கம்பெனியார், 1966-இல் அவருக்குப் பத்து லட்சமாவது மஸ்டாங்காகக் கொண்டாடப்பட்ட புதிய வண்டியைக் கொடுத்து மாற்றிக்கொண்டனர். அம்முதல் வண்டி இன்று டியர்பார்னில் ஹென்றி ஃபோர்டு காட்சிச்சாலையில் உள்ளது. அதன் தகடும் சக்கரமும் பிற மஸ்டாங்குகளுடையவை போன்றனவே. வேறுபாடு அவ்வெண் ஒன்றேயாம்.

எண்ணுக்கு இத்துணை மதிப்பிருப்பதால் பொய்க்கும் இடமுண்டாகின்றது. 271 குதிரை வலிமையுள்ள இஞ்சினைப் பெற்ற வண்டியின் எண்ணில் 'கே' என்னும் எழுத்து நிற்கும். அவை சிலவே, ஆதலின் விலையும் மிகுதி. சாதாரண வண்டியில் அத்தகைய இஞ்சினைப் பொருத்தி, 'கே வண்டி' என்று கூறுவோரும் உளர். நிலைக்கூரை வண்டியின் கூரையை அறுத்தெறிந்து, கன்வர்ட்டிபில் என விற்க முயல்வோரும் உளர். 07 என்னும் எண் அவர்களைக் காட்டிக்கொடுக்கும். பிற கம்பெனியாரின் வண்டிகளிலும் இஃது உண்டு. 1971-ஆம் ஆண்டு வரிசையில் பிளிமத் கம்பெனியார் ஹெமி இஞ்சின் பொருத்திச் செய்த குடா கன்வர்ட்டிபில்கள் ஏறத்தாழப் பன்னிரண்டே. அவற்றுள் ஒன்று 2014-ஆம் ஆண்டு சியாட்டில் நகரத்து ஏலத்தில் 35 லட்சம் டாலருக்குச் சென்றது. வேறு இஞ்சின் கொண்ட வண்டியும் தோற்றத்தில் அதனை ஒத்ததே என்பதை நினைத்தால், ஆசை மனிதரை எங்கே இழுக்கும் என்பது சொல்லாமலே விளங்கும்.

விலையினும் பெரியதொன்றும் இவ்விஷயத்தில் உண்டு, அஃது உயிர். நிலைக்கூரை வண்டியில் உடலின் வலிமையிற் பெரும்பங்கைக் கூரையே தாங்குகின்றது. கூரையில்லாத வண்டியில் அச்சுமை முழுதும் அடித்தளத்தின்மேல் விழும். ஆகவே கம்பெனியார் கதவின் கீழுள்ள சட்டங்களைத் தடித்த தகட்டாற் செய்து, தளத்தின் அடியிலும் தாங்கு தகடுகள் சேர்த்தனர். மழைநீர் முன்கண்ணாடியின் கீழுள்ள காற்றுவழியாகவும் பழைய கூரைத்துணி வழியாகவும் இறங்கித் தங்குமிடங்களும் இவையே. துரு இவற்றை அரித்துவிட்டால், இருக்கை பற்றிநிற்கும் தளமே நெகிழும். அவ்விடத்தை வெட்டியெடுத்துப் புதுத்தகடு ஒட்டவைப்பது நேர்மையான வேலை. துருவின்மேற் பட்டி அப்பித் தேய்த்து வண்ணம் பூசிவிடுவது மற்றொரு வேலை. விற்பனை நாளில் இரண்டும் ஒரே பளபளப்பாகத் தோன்றும். மூன்று மழைக்காலம் சென்றபின்னரே வேறுபாடு தெரியும்.

அறிவுள்ள வாங்குவோர் சில எளிய சோதனைகள் செய்வர். மெல்லிய துணி சுற்றிய காந்தத்தைத் தகட்டின்மேல் வைத்துப் பார்ப்பர். பட்டி தடித்த இடத்தில் அது பற்றாது. வண்டியை ஜாக்கியால் உயர்த்திக் கதவைத் திறந்து மூடிப் பார்ப்பர். அடிச்சட்டம் தளர்ந்திருந்தாற் கதவு இறுகிப்போகும். கூரையைப் பலமுறை ஏற்றி இறக்குவர். தரைவிரிப்பைத் தூக்கி அடியில் நோக்குவர்.

நேர்மையுடன் விற்பவன் இச்சோதனைகட்கு அஞ்சவேண்டுவதில்லை. அவன் வண்டியைக் கழற்றிய நாள்முதல் ஒவ்வொரு நிலையிலும் படம் எடுத்து வைத்திருப்பான். எத்தகடு புதியது, எது பழையது, இருக்கை உறை யாரிடம் வாங்கியது, இஞ்சின் எப்போது பிரித்துச் செப்பனிடப்பட்டது என்பவற்றை ரசீதுகளுடன் ஓர் ஏட்டில் எழுதி வைத்திருப்பான். பழஞ்சுவடியை அச்சிடுவோர், செல்லரித்த இடத்தைச் செல்லரித்ததென்றே குறித்துத் தாம் ஊகித்த பாடத்தை வேறாகக் காட்டுதலை நாம் அறிவோம். வண்டியைப் புதுப்பிப்பவனுக்கும் அதுவே நெறியாம்.

அவன் வழங்கும் சொற்களும் அளந்து வழங்கப்பட வேண்டியவை. 'எண் பொருந்திய இஞ்சின்' என்னும் தொடர் விளம்பரங்களில் மிகுதியாக வருகின்றது. வண்டியோடு பிறந்த இஞ்சினே இன்றும் உள்ளது என்பது இதன் பொருள். ஆனால் 1965-ஆம் ஆண்டு மஸ்டாங்கின் சாதாரண இஞ்சின்களில் வண்டியின் எண் பொறிக்கப்படவில்லை. மேலே கூறிய 'கே' இஞ்சினில் மாத்திரமே அது பொறிக்கப்பட்டது. ஆகவே சாதாரண வண்டியை விற்பவன், இஞ்சினின் வார்ப்புத் தேதி வண்டி பிறந்த காலத்திற்கு ஒத்திருக்கிறது என்று சொல்லலாமேயன்றி, அதற்குமேற் சொல்லச் சான்று இல்லை. அறியாது சொல்லினும் அது பொய்யே.

விற்கும் வழிகள் மூன்று. முதலாவது நேரே விற்பது. 1935-இல் நிறுவப்பட்ட அமெரிக்கப் பழமோட்டார்ச் சங்கத்தார் பென்சில்வேனியாவிலுள்ள ஹெர்ஷி என்னும் ஊரில் இலையுதிர் காலத்திற் கூட்டும் சந்தை இதற்குப் பெயர்பெற்றது. இரண்டாவது, விற்பனைச் சாலையில் ஒப்படைத்துத் தரகு கொடுப்பது. மூன்றாவது ஏலம், அரிசோனாவிலுள்ள ஸ்காட்ஸ்டேல், பிளாரிடாவிலுள்ள கிஸ்ஸிம்மி ஆகிய இடங்களில் ஜனவரியில் நடைபெறும் ஏலங்கள் புகழ்வாய்ந்தவை. விற்பவன் ஒரு குறைந்த விலையை முன்னரே குறித்து, அதற்குக் கீழ்ப்போனால் விற்காதிருக்கலாம். அன்றி எவ்விலைக்கும் விற்பதாக ஒப்பலாம். விற்பவன் கொடுக்கும் தரகோடு, வாங்குபவனும் ஏல விலைக்குமேல் ஒரு பங்கு கொடுக்கவேண்டும். எவ்வழியாயினும், மாகாண அரசாங்கம் அளித்த உரிமைச் சான்றிலுள்ள எண்ணும் வண்டியின் எண்ணும் ஒத்திருத்தல் வேண்டும். பணம் பாங்கியிற் சேர்ந்ததை உறுதி செய்துகொண்ட பின்னரே அச்சான்றிற் கையொப்பமிடுதல் அறிவுடைமை.

இனி ஊதியத்தைப் பற்றி ஒரு சொல். சாதாரண மஸ்டாங் ஒன்றை முற்றும் புதுப்பித்தவன், வேலைக்கும் உறுப்புகட்கும் செலவிட்ட தொகை முழுவதையும் விலையிற் பெறுதல் அரிது. இந்நிலையில், புதுத்தளம் போட்டதையும் மாற்று இஞ்சின் வைத்ததையும் மறைத்தாற் சில ஆயிரம் டாலர் மிகுமே என்னும் எண்ணம் அவனுக்கு எழுவது இயல்பே. இச்சோதனையில் தவறுவோர் கயவர் மாத்திரமல்லர். பல மாதம் உழைத்துக் களைத்த நல்லோரும் தவறுதல் கூடும். ஆயின் மறைத்தவன் அவ்வொரு விலையையே பெறுகின்றான். வெளிப்படக் கூறியவனோ அடுத்த வண்டிக்கும் தன்னைத் தேடிவரும் வாங்குவோரைப் பெறுகின்றான்.

வண்ணம் சில ஆண்டுகளில் மங்கும். கூரைத்துணி மீண்டும் கிழியும். இஞ்சின் மறுபடியும் பிரிக்கப்படும். அவன் எழுதி வைத்த ஏடோ வண்டியுடன் அடுத்தவன் கைக்கும் அதற்கடுத்தவன் கைக்கும் செல்லும். அவ்வண்டியில் ஏறுவோர் எல்லாரும், தம் காலடியிலுள்ள தகடு எத்தகையது என்பதை அவ்வேட்டைக் கொண்டே அறிவர். ஆதலின் பழைய வண்டியை விற்பவன் அதன் மெய்வரலாற்றையும் உடன் விற்றலே முறையாம்.